பழைய ஆர்3-ஐ ட்ராக்குக்குத் தயார் செய்ய: எந்த சஸ்பென்ஷன், எந்த வரிசையில்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. கையில் 2016 மாடல் யமஹா ஆர்3 இருக்கிறது. உங்கள் எடை 72 கிலோ. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் நான்கு ட்ராக் டே (சொந்த பைக்கை ட்ராக்கில் ஓட்டிப் பழகும் நாள்) ஓட்டியாகிவிட்டது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் முழுதாக அமுங்கி அடியில் ‘டங்’ என்று இடிக்கிறது. வளைவுக்குள் மேடுபள்ளம் வந்தால் ஹேண்டில் ஆடுகிறது. நண்பர்கள் பின் ஷாக்கை, அதாவது பின் சக்கரத்தின் அதிர்வுதாங்கியை, முதலில் மாற்றச் சொல்கிறார்கள். ஓலின்ஸ், கே-டெக், ஆண்ட்ரியானி, ஒய்எஸ்எஸ் என்ற நான்கு சஸ்பென்ஷன் கம்பெனிகளில் எதை வாங்கலாம்?

இதே தலைமுறை ஆர்3-ஐ ஆறு சீசன் ட்ராக்கில் ஓட்டியவன், பலருடைய பைக்குக்கு பேடாக்கில் (ட்ராக்கை ஒட்டி பைக்குகளைத் தயார் செய்யும் இடத்தில்) உட்கார்ந்து அளவெடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் என் வரிசை இப்படி: முதலில் உங்கள் எடைக்கேற்ற முன் ஸ்பிரிங். அடுத்து முன் ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களின், உள்ளே ஆயிலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கார்ட்ரிட்ஜ். அதற்கப்புறம் பின் ஷாக். எந்தக் கம்பெனி என்பது இந்த மூன்றுக்கும் பிறகு வரவேண்டிய கேள்வி. ஸ்பிரிங் தப்பாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த தங்க நிற ஷாக்கும் உங்களுக்கு ஒரு நொடியைக்கூடக் குறைத்துத் தராது.

இந்த பைக்கில் ஏன் முன்பக்கம் முதலில் என்று சொல்கிறேன். ஆர்3-இன் சக்தி 42 குதிரைத்திறன். ஆயிரம் சிசி பைக்கில் வளைவை விட்டு வெளியேறும்போது த்ராட்டிலைத் திறந்தால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், அங்கே பின் ஷாக்தான் உயிர்நாடி. அந்த பைக்குகளை வைத்து எழுந்த அறிவுரைதான் ‘முதலில் பின் ஷாக்’ என்பது. சின்ன பைக்கில் நேரம் கிடைப்பது எவ்வளவு தாமதமாக பிரேக் பிடிக்கிறோம், எவ்வளவு வேகத்தை வளைவுக்குள் கொண்டுபோகிறோம் என்பதில். இரண்டுமே முன் டயரை நம்பிச் செய்கிற வேலை. முன்பக்கம் கையில் பேசாத பைக்கில் அந்த நம்பிக்கை வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பைக் 169 கிலோ. நீங்கள் லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 82 கிலோ. மொத்தம் 251. நேர்பாதையின் முடிவில் கடுமையாக பிரேக் பிடித்து, பின் சக்கரம் தரையிலிருந்து எழும்பப் போகும் அந்தக் கணத்தில் அத்தனை எடையும் முன் ஃபோர்க்கின் மேல்தான், ஏறக்குறைய 2,460 நியூட்டன். ஒரு மில்லிமீட்டருக்கு 6.5 நியூட்டன் கொண்ட மெல்லிய ஸ்பிரிங் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டும் சேர்ந்து 13. 2,460-ஐ அந்த 13-ஆல் வகுத்தால் 189 மில்லிமீட்டர். ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவு, 15 மில்லிமீட்டர் கழித்தாலும் 174. ஆனால் ஆர்3-இன் முன் ஃபோர்க்குக்கு இருக்கிற மொத்த நடையே, அதாவது அமுங்கக்கூடிய தூரமே, 130 மில்லிமீட்டர்தான். அதே இடத்தில் 9 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் இதே கணக்கு 122-இல் நிற்கிறது. ஃபோர்க்கின் சாய்வுக் கோணத்தையும் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்தையும் விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்கு இது. ஆனாலும் உங்களுக்குக் கேட்கிற அந்த ‘டங்’ எங்கிருந்து வருகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். அடியில் இடித்த ஃபோர்க் சஸ்பென்ஷனாக வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் சின்ன மேடு ஒன்று வந்தால் அதை டயர் மட்டுமே தாங்க வேண்டும்.

யமஹா செய்த தவறில்லை இது. அந்த ஃபோர்க் தினசரி வேலைக்குப் போய்வரும் ஒருவருக்காக, குண்டும் குழியுமான சாலைக்காக அமைக்கப்பட்டது. அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது.

இனி ப்ரீலோட் பற்றி. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. பின் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 90 நியூட்டன் என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர் ப்ரீலோட் ஏற்றினால் அது அசையத் தொடங்கவே 450 நியூட்டன் கூடுதலாகத் தேவைப்படும். அசையத் தொடங்கிய பிறகு அது அதே 90 நியூட்டன் ஸ்பிரிங்தான். ப்ரீலோட் மாற்றுவது பைக் எந்த உயரத்தில் உட்கார்கிறது என்பதை மட்டுமே.

அந்த உட்காரும் அளவைத்தான் ட்ராக்கில் ‘ஸேக்’ என்பார்கள். அளக்க மூன்று பேரும் ஒரு அளவுநாடாவும் போதும். பைக்கைத் தூக்கிச் சக்கரம் காற்றில் தொங்கும்போது ஒரு அளவு. பைக் தன் எடையில் மட்டும் நிற்கும்போது ஒரு அளவு. நீங்கள் முழு கியரோடு, ஓட்டும் நிலையில் குனிந்து உட்காரும்போது ஒரு அளவு. ஃபோர்க்கில் உராய்வு இருப்பதால் ஒரே அளவை நம்பக் கூடாது. கீழே அமுக்கி மெதுவாக விட்டு ஒருமுறை, மேலே தூக்கி மெதுவாக விட்டு ஒருமுறை எடுத்து, இரண்டின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் எங்கோ ஃபோர்க் இறுகுகிறது. ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) சரியாக மாட்டப்படவில்லை, அல்லது ஆயில் சீல் போய்விட்டது. புதுப் பொருள் வாங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். ஒருவருடைய பைக்கில் ‘ஃபோர்க் சரியில்லை’ என்று அவர் ஒரு சீசன் முழுக்கப் புலம்பியதற்குக் காரணம், ஆக்சில் கிளாம்ப் போல்ட்டை இறுக்கும் முன் ஃபோர்க்கை நாலு முறை அமுக்கி விடாததுதான்.

ட்ராக்குக்கு நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில் முன்பக்கம் 30 முதல் 35, பின்பக்கம் 25 முதல் 30 மில்லிமீட்டர் வந்தால் தொடங்குவதற்குப் போதுமானது. பைக் மட்டும் நிற்கும்போது பின்பக்கம் 5 முதல் 10 மில்லிமீட்டர் உட்கார வேண்டும். ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை இந்தக் கடைசி அளவுதான் சொல்லும். நீங்கள் உட்கார்ந்தால் 30 சரியாக வருகிறது, ஆனால் பைக் தனியாக நிற்கும்போது துளிகூட உட்காரவில்லை என்றால் ஸ்பிரிங் மெல்லியது, ப்ரீலோடை அதிகமாக ஏற்றி ஒப்பேற்றியிருக்கிறீர்கள். பைக் தனியாகவே 20 உட்கார்கிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மிகக் கடினம். கடைக்காரர் சொல்வதை விட, நாலு நண்பர்கள் சொல்வதை விட, நான் இங்கே எழுதுவதை விட அந்த அளவை நம்புங்கள்.

ஸ்பிரிங் சரியான பிறகுதான் டேம்பிங், அதாவது ஸ்பிரிங் அமுங்கி எழும் வேகத்தை ஆயிலால் கட்டுப்படுத்துவது. உங்கள் ஆர்3-இல் இருப்பது 41 மில்லிமீட்டர் ஃபோர்க், உள்ளே டேம்பர் ராடு. அதாவது ஒரு குழாயில் துளைகள் போட்டு அவற்றின் வழியாக ஆயிலைத் தள்ளுகிறார்கள். துளை வழியாகப் போகும் ஆயிலின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும்; ஃபோர்க் இரண்டு மடங்கு வேகமாக அமுங்கினால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதனால் மெதுவாக அமுங்கும் பிரேக்கிங்கின்போது பிடிமானம் போதாது. கூரான மேட்டில் வேகமாக அமுங்க வேண்டிய நேரத்தில் கல்லாக மாறிவிடும். நமக்கு வேண்டியது நேர் எதிர். இங்கே வேகம் என்பது பைக்கின் வேகம் இல்லை, ஃபோர்க் உள்ளே போகும் வேகம். 150 கிலோமீட்டர் வேகத்தில் வழுவழுப்பான தாரில் போகும்போது ஃபோர்க் மெதுவாகத்தான் அசைகிறது. 40-இல் ஒரு கல்லில் ஏறினால் மிக வேகமாக அசைகிறது. ‘லோ ஸ்பீட்’, ‘ஹை ஸ்பீட்’ என்று அட்ஜஸ்டர்களில் எழுதியிருப்பதன் பொருள் அதுதான்.

பலரும் எடுக்கும் மலிவான வழி, கனமான ஆயில் ஊற்றுவது. நானும் தொடக்கத்தில் ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு 15 எண் ஆயில் ஊற்றினேன். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் நிதானம் வந்தது உண்மை. ஆனால் அன்று மாலை, வேகமான வலது வளைவில், நடுவில் இருந்த ஒரு சின்ன மேட்டில் முன் டயர் தாவித் தாவிப் போய் என்னைக் கீழே போட்டது. கிடந்த இடத்திலிருந்து எழுந்து பைக்கைப் பார்த்தபோது ஃபோர்க்கில் நடை பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அமுங்க வேண்டிய இடத்தில் அது அமுங்கவே இல்லை. கனமான ஆயில் அந்த இருமடிக் கணக்கை மாற்றுவதில்லை, மொத்தத்தையும் மேலே தூக்குகிறது. இன்னொன்றும் அப்போது கற்றேன்: டப்பாவில் இருக்கும் 5, 10, 15 என்ற எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றாக இருப்பதில்லை. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் பிசுபிசுப்பை அளக்கும் அலகு) என்று தயாரிப்பாளர் கொடுக்கும் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள்.

பணம் குறைவாக இருந்தால் எமுலேட்டர் நல்ல வழி. ரேஸ் டெக் இதில் பெயர் பெற்றது, ஒய்எஸ்எஸ்ஸும் செய்கிறது. டேம்பர் ராடின் தலையில் ஸ்பிரிங்குக்குக் கீழே உட்காரும் ஒரு சிறு வால்வு அது. ராடின் துளைகளைப் பெரிதாகத் துளைத்துவிட்டால் அமுங்கும் பக்கத்தை இந்த வால்வு பார்த்துக்கொள்ளும், வேகமான அடியில் திறந்து ஆயிலை விட்டுவிடும். திரும்பி எழும் பக்கம், அதாவது ரீபவுண்ட், ஆயிலின் கனத்தை நம்பியேதான் இருக்கும். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் ஃபோர்க்கின் மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை எடுத்து, வால்வை வெளியே இழுக்க வேண்டும். இரண்டு செஷனுக்கு நடுவில் இருபது நிமிடத்தில் ஆகிற வேலை இல்லை. அதனால் ஒருமுறை சரியாக வைத்துவிட்டு ஓட்டுகிறவருக்கு அது போதும். கற்றுக்கொண்டே மாற்றிப் பார்க்க விரும்புகிறவருக்குப் போதாது.

கார்ட்ரிட்ஜ் வேறு உலகம். பழைய உள்பாகங்களை எல்லாம் எடுத்துவிட்டு, பிஸ்டனும் மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கும் கொண்ட ஒரு தனிக் குழாயை உள்ளே வைக்கிறோம். ஆயிலின் அழுத்தத்துக்கு ஏற்பத் தகடுகள் வளைந்து வழிவிடும். மெதுவான அசைவில் பிடிமானம், வேகமான அடியில் தளர்ச்சி, இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. ஓலின்ஸின் நிக்ஸ் 22 சின்ன பைக்குகளுக்காகவே செய்யப்பட்டது. அந்த 22 என்பது பிஸ்டனின் விட்டம். பெரிய பைக்குகளுக்கு நிக்ஸ் 30. ஃபோர்க்கின் ஒரு கால் அமுங்குவதை மட்டும் பார்த்துக்கொள்ளும், இன்னொரு கால் எழுவதை மட்டும். ஒன்றைத் திருகினால் மற்றது மாறாது என்பதால் புதிதாகக் கற்கிறவருக்கு இது பெரிய உதவி. ஆண்ட்ரியானியின் மிசானோ கார்ட்ரிட்ஜும் இதே போன்ற பிரிவினைதான். விலைக்குக் கிடைக்கும் பொருள் என்று பார்த்தால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. கே-டெக் பிரிட்டிஷ் சூப்பர்பைக் ரேஸ் பேடாக்கில் வளர்ந்தது. பிரேக்கை விட்டு வளைவுக்குள் திரும்பும் அந்த நடுநேரத்தில் முன்பக்கத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் தன்மை அதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரே எடைக்குச் சரியான ஸ்பிரிங் போட்டு, ஸேக் சரியாக வைத்து ஓட்டினால் இந்த மூன்று கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே எனக்கு இருந்த வித்தியாசம் லேப் டைமில் தெரியவில்லை. கடைசி லேப்களில் கையில் கிடைக்கும் உணர்வில் தெரிந்தது. ஓலின்ஸில் அட்ஜஸ்டரைத் திருகும்போது வரும் ஒவ்வொரு கிளிக்கும் ஒரே அளவாக, எதிர்பார்த்தபடி மாறுகிறது. இரண்டாம் லேப்பில் இருந்தது பத்தாம் லேப்பிலும் இருக்கிறது. விற்கும்போதும் விலை போகும். நான்காவது ட்ராக் டே முடித்த ஒருவருக்கு அந்தக் கடைசிப் பங்கு நுணுக்கத்துக்காக முழுப் பணத்தையும் முன்பக்கத்திலேயே போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிச்சமாகும் பணத்தில் இரண்டு செட் டயர் வாங்குங்கள்.

இனி பின்பக்கம். ஆர்3-இன் பின் ஷாக், லிங்கேஜ் எனும் இடை நெம்புகோல் இல்லாமல், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மில் நேராக மாட்டப்பட்டது. சக்கரம் 125 மில்லிமீட்டர் நகரும்போது ஷாக் அதில் பாதிக்கும் குறைவாகவே நகர்கிறது. இதனால் இரண்டு விஷயம். ஒன்று, ஷாக்கில் செய்யும் சின்ன மாற்றம் சக்கரத்தில் பெரிதாகத் தெரியும். நீளத்தை 5 மில்லிமீட்டர் கூட்டினால் பைக்கின் பின்பக்கம் 10 மில்லிமீட்டருக்கு மேல் எழும். 1,380 மில்லிமீட்டர் வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரம்) கொண்ட பைக்கில் அது முன் ஃபோர்க்கின் 25 டிகிரிச் சாய்வை ஏறக்குறைய அரை டிகிரி நிமிர்த்திவிடும். பைக் வேகமாகத் திரும்பும், ஆனால் பிரேக்கிங்கில் நிலைகுலையும். உயரத்தை மாற்றும் வசதி உள்ள ஷாக் வாங்கினால் முதல் நாள் அதைத் தொடாதீர்கள். இரண்டு, குறைந்த தூரத்தில் பெரிய சுமையைத் தாங்குவதால் உள்ளே இருக்கும் ஆயிலுக்கு வேலை அதிகம், சூடும் அதிகம்.

பைக்கோடு வந்த கம்பெனி ஷாக்கில் ப்ரீலோட் ஏழு படி மாற்றலாம், ரீபவுண்ட் மாற்ற முடியாது. அதனால் கனமான ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் பின்பக்கம் குதிக்கும். பின்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே மாற வேண்டும்.

இங்கே ஒய்எஸ்எஸ்ஸை நான் தயங்காமல் சொல்வேன். தாய்லாந்துக் கம்பெனி, 1983-இல் தொடங்கியது, நம் எடைக்கும் நம் பைக்குகளுக்கும் பழக்கப்பட்டது. உங்கள் நிலைக்கு, தனி ரிசர்வாயர் (கூடுதல் ஆயிலுக்கான சிறு தொட்டி) உள்ள, ரீபவுண்ட் மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ரிசர்வாயர் இருந்தால் ஆயில் அதிகம், சூடாக நேரமாகும். அதோடு ஷாக்கின் உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயுவும் ஆயிலும் கலக்காமல் நடுவே ஒரு பிஸ்டன் பிரித்து வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே அறையில் இருக்கும் வகையில் ஐந்தாறு லேப்பில் ஆயில் நுரைத்து டேம்பிங் தளர்ந்துவிடும். எந்தக் கம்பெனி செய்தாலும் அந்த அமைப்பின் இயல்பு அது. ஓலின்ஸின் டிடிஎக்ஸ் போன்ற இரட்டைக் குழாய் ஷாக் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்க்கிறது: பிஸ்டனின் இரண்டு பக்கமும் எப்போதும் அழுத்தம் இருக்கும்படி ஆயிலை வெளிக்குழாய் வழியாகச் சுற்றவிடுகிறது. அருமையான பொறியியல். 42 குதிரைத்திறனுக்கு அது தேவைப்படும் நாள் உங்களுக்கு வந்தால், அன்று நீங்கள் யாரிடமும் கேட்கத் தேவையிருக்காது.

சூடு என்று சொன்னேன் அல்லவா, நம் ஊரில் இது பெரிய விஷயம். இருங்காட்டுக்கோட்டையில் காலை எட்டு மணி செஷனும் மதியம் ஒரு மணி செஷனும் ஒரே பைக்கில் ஓட்டியதாகவே இருக்காது. ஆயில் இளகி ரீபவுண்ட் வேகமாகிவிடும். காலையில் பதமாக இருந்த பின்பக்கம் மதியம் துள்ளும். ஒன்று அல்லது இரண்டு கிளிக் மூடினால் போதும். காலை வைத்ததை எழுதி வைத்திருந்தால்தான் மாலை திரும்பப் போக முடியும். கிளிக்கைத் தொடும் முன் டயர் பிரஷரைப் பாருங்கள். சூடான டயரில் பிரஷர் ஏறிப்போய் பைக் குதிப்பதை ஷாக்கின் தலையில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

எது வாங்கினாலும் அதைப் பிரித்து ஆயில் மாற்றி நைட்ரஜன் நிரப்பித் தர சென்னையிலோ பெங்களூரிலோ கோவையிலோ ஒருவர் இருக்கிறாரா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். நான் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் பிரிக்கிறேன். சீல் கிட் கிடைக்காமல் மூன்று மாதம் பரணில் கிடந்த நல்ல ஷாக்கைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மாதமும் அவர் கம்பெனி ஷாக்கில்தான் ஓட்டினார்.

பொருத்திய பிறகு முதல் நாள் லேப் டைமை மறந்துவிடுங்கள். முன் ஃபோர்க்கின் உள்குழாயில் ஒரு சின்ன ஸிப் டையைக் கட்டி, கீழே தள்ளிவிட்டு ஓட்டுங்கள். வந்து பார்த்தால் ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டும். மிகக் கடுமையான பிரேக்கிங்கிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ஆயிலின் மட்டத்தை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்துங்கள். உள்ளே காற்றுக்கான இடம் குறைந்து கடைசிப் பகுதியில் மட்டும் கடினமாகும், மேல் பகுதியின் மென்மை கெடாது. அடுத்து ரீபவுண்டை ஒரு செஷன் முழுதாகத் திறந்தும், ஒரு செஷன் ஏறக்குறைய மூடியும், மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். திறந்திருந்தால் பைக் துள்ளும். மூடியிருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் அமுங்கி, எழ நேரமில்லாமல் அடுத்ததில் இன்னும் அமுங்கி, கீழேயே தங்கிவிடும். பின்பக்கம் அப்படித் தங்கினால் வளைவின் முடிவில் பைக் வெளியே வெளியே ஓடும். இந்த இரண்டு உணர்வும் உடம்புக்குப் பழகிவிட்டால் நடுவிலுள்ளதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

கிளிக்கை எப்போதும் முழுதாக மூடிய இடத்திலிருந்து வெளியே எண்ணுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது மூன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: கியரோடு சேர்த்து உங்கள் எடை, ட்ராக்கில் மட்டும்தான் ஓட்டுகிறீர்கள் என்பது, பைக்கின் ஆண்டு. மூன்றாவதைப் பலர் மறக்கிறார்கள். 2019-இல் ஆர்3-க்கு 37 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க் வந்துவிட்டது; அதற்கான கார்ட்ரிட்ஜ் உங்கள் 41 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்குள் பொருந்தாது. பெட்டியைப் பிரித்த பிறகு அதைத் தெரிந்துகொண்டால் திருப்பி அனுப்பவே ஒரு சீசன் போய்விடும்.